வரைபடம் யாருக்குச் சொந்தம்?

கட்டிடம் எழுப்ப விரும்புவோர், கட்டிடக் கலைஞரைக் கொண்டு வரைபடம் எழுதுவித்து நகராட்சி மன்றத்தின் அனுமதியை நாடுவது வழக்கம். மன்றத்தின் முத்திரை விழுந்ததும் அவ்வரைபடம் பொதுச் சொத்தாகிவிடுமா? பணம் கொடுத்தவர் அதை எவ்வாறும் பயன்படுத்தலாமா? இங்கிலாந்தில் அடுத்தடுத்து எழுந்த இரு வழக்குகள் இவ்வினாக்களுக்கு விடை கூறின. இரண்டிலும் தீர்ப்பளித்தவர்களுள் டென்னிங் பிரபு ஒருவர்.

முதலாவது பிளேர் என்னும் கலைஞர் தொடுத்தது. ஒரு தம்பதியர் தம் தோட்டத்து நிலத்தில் இரு வீடுகள் கட்ட, அனுமதிக்கான வரைபடத்தை அவரிடம் எழுதி வாங்கினர். கட்டிடக் கலைஞர் கழகத்தின் விகிதப்படி 70 பவுன் ஊதியமும் தந்தனர். அனுமதி கிடைத்தபின் நிலத்தை வரைபடத்தோடு ஒரு கட்டிட ஒப்பந்தக்காரருக்கு விற்றனர். அவருடைய அளவையாளர்கள் சில விவரங்களைச் சேர்த்துத் தம் பெயரையும் இட்டுக்கொண்டனர்! ஆயினும் பிளேர் தோற்றார். பதிப்புரிமை வேறு, பயன்படுத்தும் இசைவு வேறு. உரிமை கலைஞரிடமே நின்றாலும், முறையான ஊதியம் பெற்றபோதே அந்நிலத்தில் அவ்வீடுகளைக் கட்டும் இசைவை அவர் தந்தவராவார், நிலத்தை வாங்கியவருக்கும் அது செல்லும் என்றது நீதிமன்றம். பெயர் மாற்றம் நெஞ்சை உறுத்துவதே.

1971 ஆம் ஆண்டுத் தீர்ப்போ கலைஞர் பக்கம் சாய்ந்தது. ஸ்டோவின்-பிராட்ஃபோர்டு என்பவர் ஒரு நிறுவனத்துக்காக அனுமதி வரைபடம் மட்டும் எழுதி, 100 கினி என்னும் சிறு தொகையே பெற்றார். நிறுவனம் வேறு வரைபடம் எழுதுவித்தபோது, அவர் அமைத்திருந்த அழகிய சாய்சதுர வடிவை அதிற் சேர்த்துக்கொண்டது. அச்சிறு தொகை அனுமதி பெறுவதற்கே உரியது, கட்டுவதற்கன்று எனக் கூறி, 500 பவுன் இழப்பீடு விதிக்கப்பட்டது.

இவ்விடத்தில் ஆசிரியர்களுக்கு ஒன்று எளிதில் விளங்கும். கட்டுரைத் தலைப்பு எல்லா மாணவர்க்கும் பொது. எழுதிய கட்டுரை அவரவர்க்கே உரியது. அதுபோலவே, சட்டம் காப்பது கோட்டிலும் வடிவிலும் வெளிப்பட்ட ஆக்கத்தையே, வெறும் எண்ணத்தையன்று.

மலேசியாவின் 1987 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் வேறு வழியிற் செல்கிறது. ஒருவர் பணிக்க மற்றொருவர் ஆக்கிய படைப்பின் உரிமை, மாறான உடன்பாடு இல்லாவிடில், பணித்தவருக்கே மாறியதாகக் கொள்ளப்படும் என்கிறது அதன் 26 ஆம் பிரிவு. ஆதலின் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொள்ள விழையும் கலைஞர் அதனை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளல் வேண்டும். எவரும் பணிக்காமல் தாமே முன்வந்து அரசாங்க அலுவலகத்துக்கு அனுப்பும் திட்டத்துக்கு இவ்விதி பொருந்தாது. போட்டிக்கு அனுப்புவோர் மட்டும் அப்போட்டியின் விதிகளைக் கையொப்பமிடுமுன் படித்துக்கொள்வது நலம். உரிமை கைமாறும் வாசகம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.