வெள்ளரிக் கோசுமல்லி ஏன் நீர் விடுகிறது?

ஊறவைத்த பாசிப்பருப்பு, பொடியாக நறுக்கிய வெள்ளரி, தேங்காய்த் துருவல், மேலே கடுகு தாளிப்பு. அடுப்படியில் அதிகம் நிற்காமல் செய்து முடிக்கிற வெயில்கால உணவு கோசுமல்லி. ஆனால் உப்புப் போட்டு அரை மணி நேரம் விட்டால் பாத்திரத்தின் அடியில் தண்ணீர் தேங்குகிறதே, கவனித்திருக்கிறீர்களா? அது எங்கிருந்து வருகிறது?

வெள்ளரியிலிருந்துதான். அதன் எடையில் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர்.

அந்தத் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத நுண்ணறைகளில் அடைபட்டிருக்கிறது. ஒவ்வோர் அறையும் நீர் நிரப்பிய பலூன் மாதிரி விறைத்து நிற்கிறது. கடித்தால் நறுக்கென்று கேட்பது அதனால்தான்.

இந்தப் பலூனின் தோலில் ஒரு விசேஷம்: தண்ணீர் எளிதாகக் கடக்கும், உப்பு அப்படிக் கடக்காது. வெளியே உப்பு விழுந்ததும் என்ன ஆகும்? உப்பு குறைந்த உள்பக்கத்திலிருந்து உப்பு மிகுந்த வெளிப்பக்கத்துக்குத் தண்ணீர் நகரும். பலூன் தளரும், வெள்ளரித் துண்டு துவண்டுபோகும்.

மாவடு போடும்போது இதையே வேண்டுமென்று செய்கிறோம். உப்பில் புரட்டிய வடு, சுருங்கி நீர் விட்டு அந்த நீரிலேயே ஊறுகிறது.

கோசுமல்லிக்கு மொறுமொறுப்புதான் உயிர். மற்றதையெல்லாம் முன்பே கலந்து வையுங்கள். உப்பையும் எலுமிச்சைச் சாற்றையும் மட்டும் பரிமாறும் நேரத்தில் சேருங்கள்.