எல்லா டயருக்கும் 35 தானா?

பெட்ரோல் பங்கில் காற்றுக் குழாயைக் கையில் எடுத்த ஊழியர் "எவ்வளவு சார்?" என்று கேட்டதும், பலரும் யோசிக்காமல் சொல்லும் பதில் "35". பக்கத்தில் நிற்கும் பெரிய எஸ்யூவிக்கும் அதே 35, சிறிய ஹேட்ச்பேக்குக்கும் அதே 35. சரியான விடையோ காரிலேயே ஒட்டியிருக்கிறது. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் கதவு மூடும் தூணில் ஒரு ஸ்டிக்கர் தெரியும். சில மாடல்களில் அது பெட்ரோல் டேங்க் மூடியின் உட்புறம் இருக்கும். முன்சக்கரத்துக்கு எவ்வளவு, பின்சக்கரத்துக்கு எவ்வளவு, ஒருவர் இருவர் போகும்போது எவ்வளவு, ஐந்து பேரும் மூட்டை முடிச்சுமாகப் பழனிக்குப் புறப்பட்டால் எவ்வளவு என்று அதில் தனித்தனியாக இருக்கும். டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் பிஎஸ்ஐ எண்ணைப் பார்த்துக் காற்று அடிப்பவர்களும் உண்டு. அது டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு, அடிக்க வேண்டிய அளவு அல்ல.

ஸ்டிக்கரில் உள்ள எண் குளிர்ந்த டயருக்கானது. இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். வைக்க வேண்டியது 33 என்று கொள்வோம். மே மாத மதியத்தில் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு பங்குக்குப் போனால் மீட்டர் 36 காட்டும். உள்ளே காற்று சூடாகி விரிந்திருப்பதுதான் காரணம். "கூடுதலா இருக்கு" என்று 3 பிஎஸ்ஐயை இறக்கினால் மறுநாள் காலை அந்த டயரில் 30தான் நிற்கும். காலையில், வண்டி எடுத்த முதல் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் பார்ப்பதே முறை. பங்க் தொலைவில் இருந்தால் கையடக்கக் கேஜ் ஒன்றை வாங்கி வீட்டிலேயே அளந்துகொள்ளலாம். பஞ்சரே ஆகாத டயரிலும் காற்று மெல்லக் கசியும் என்பதால் மாதம் ஒருமுறை பார்த்தாக வேண்டும். பங்கில் காற்றுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. அது அவர்களின் தாராளம் அல்ல, எண்ணெய் நிறுவனங்களின் விதி.

காற்று குறைந்தால் என்ன ஆகிறது? டயர் சாலையில் படும் இடத்தில் நசுங்கி, விலகியதும் நிமிர்கிறது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஒரு சிறிய காரின் சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 9 முறை இப்படி நசுங்கி நிமிரும். நசுக்கச் செலவான ஆற்றல் முழுவதும் திரும்பி வருவதில்லை, ஒரு பகுதி வெப்பமாகிவிடும். இரும்புக் கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் வளைந்த இடம் சுடுவது போலத்தான். காற்று குறையக் குறைய நசுங்கல் கூடும், சூடு கூடும், அந்தச் சூட்டுக்கான பெட்ரோலும் கூடும்.

ஆனால் காற்றைச் சரியாக வைப்பதால் மிச்சமாகும் பெட்ரோலைப் பலரும் பெரிதாக்கிச் சொல்கிறார்கள். நான்கு சக்கரங்களிலும் சராசரியாக 1 பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. 33 இருக்க வேண்டிய இடத்தில் 25 இருந்தால் இழப்பு 1.6 சதவீதம். மாதம் 6,000 ரூபாய்க்குப் பெட்ரோல் போடுபவருக்கு 100 ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. உண்மையான நஷ்டம் டயரில்தான். காற்று குறைந்த டயரின் இரண்டு ஓரங்களும் தேயும், நடுப்பகுதி அப்படியே இருக்கும். அளவுக்கு மீறி அடித்தால் நடுப்பகுதி மட்டும் தேயும். எப்படியானாலும் பாதி ரப்பர் மிச்சமிருக்கும்போதே டயரைக் கழற்ற நேரிடும். நெடுஞ்சாலையில் காற்று குறைந்த டயர் சூடேறி வெடிக்கும் ஆபத்து தனி.

காற்று சரியாக இருந்தும் ஒரு பக்க ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். வெள்ளைக் கோடு போடாத வேகத்தடையில் ஒருமுறை வேகமாக ஏறி இறங்கினாலே போதும். சக்கரங்கள் நேராக உருளாமல் இம்மியளவு சாய்ந்து இழுபடத் தொடங்கிவிடும். நேர்ச்சாலையில் ஸ்டீயரிங் கோணலாக நிற்பது, வண்டி ஒரு பக்கம் இழுப்பது ஆகியவை அறிகுறிகள். உள்பக்கத் தேய்மானம் வெளியிலிருந்து தெரியாது. வண்டியை நிறுத்தி, ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுதாகத் திருப்பி, முன்டயரின் உள்ஓரத்தைக் குனிந்து பார்க்க வேண்டும். 80, 100 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கினால் அது பெரும்பாலும் வீல் பேலன்சிங் கோளாறு.

நம் ஊர் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இழுவை கொண்டவை. இழுப்பதும் திரும்புவதும் பிரேக்கின் பெரும்பங்கைத் தாங்குவதும் முன்டயர்களே. அதனால் அவை சீக்கிரம் தேயும். 10,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்டயர்களை அதே பக்கம் பின்னுக்கும், பின்டயர்களைப் பக்கம் மாற்றி முன்னுக்கும் கொண்டுவந்தால் நான்கும் ஒத்துத் தேயும். பக்கவாட்டில் அம்புக்குறி போட்ட டயரைப் பக்கம் மாற்றக்கூடாது. இரண்டு புதிய டயர் மட்டும் வாங்கினால் அவற்றை முன்னால் போடுவதுதான் வழக்கம், ஆனால் பின்னால் போடுவதே பாதுகாப்பு. ஈரச் சாலையில் பின்சக்கரம் வழுக்கினால் வண்டியைச் சமாளிப்பது கடினம்.

டயரின் பள்ளங்களுக்கு நடுவே சிறு ரப்பர் மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மி.மீ. மேல்பரப்பு அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது, சட்டமும் அதையே எல்லையாக வைத்திருக்கிறது. அடுக்ககத்தில் வெயிலில் சும்மாவே நிற்கும் காருக்கு இந்தச் சோதனை போதாது. பள்ளம் ஆழமாக இருந்தாலும் ரப்பரில் விரிசல் விட்டிருக்கலாம். பக்கவாட்டில் டிஓடி என்ற எழுத்துகளை அடுத்துவரும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் 3522 என்றால், 2022-ஆம் ஆண்டின் 35-வது வாரத்தில் தயாரானது. ஐந்து ஆண்டு தாண்டிய டயரை வருடத்துக்கு ஒருமுறை விவரம் தெரிந்தவரிடம் காட்டுவது நல்லது.

நைட்ரஜன் அடிக்கலாமா? நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் டயர்களை ஓராண்டு வெளியில் வைத்துச் சோதித்தபோது சாதாரணக் காற்று 3.5 பிஎஸ்ஐயும் நைட்ரஜன் 2.2 பிஎஸ்ஐயும் குறைந்தன. இலவசமாகக் கிடைத்தால் அடித்துக்கொள்ளலாம். காசு கொடுக்கும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

டயரைத் தாண்டி மைலேஜைப் பற்றிய மற்ற பேச்சுகளுக்கு வருவோம். ஏர் ஃபில்டர் மாற்றினால் மைலேஜ் கூடும் என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. இன்றைய இன்ஜினில் உள்ளே வரும் காற்றை சென்சார் அளந்து அதற்கேற்பத்தான் பெட்ரோல் பாய்கிறது. அடைத்த ஃபில்டரால் இழுவை குறையும், மைலேஜ் அவ்வளவாகக் குறையாது. கையேட்டில் சொன்ன கிரேடைவிடத் தடித்த ஆயில் ஊற்றினால் ஓரிரு சதவீதம் போகும். இன்ஜின் விளக்கு எரிந்துகொண்டே இருக்க, "வண்டி நல்லாத்தானே ஓடுது" என்று மாதக்கணக்கில் விட்டுவிடுவதுதான் பெரிய செலவு. ஆக்ஸிஜன் சென்சார் கெட்டிருந்தால் மைலேஜ் கணிசமாகச் சரியும். பிரேக் முழுதாக விடாமல் உரசிக்கொண்டிருந்தாலும் அப்படியே. ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரத்தின் அருகில் மட்டும் அனல் அடித்தால் மெக்கானிக்கிடம் போக வேண்டும்.

இவற்றைச் செய்தபின் மைலேஜ் கூடியதா என்று பார்க்க டேஷ்போர்டு காட்டும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். டேங்கை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைக் குறித்து, அடுத்த முறை அதே பங்கில் மீண்டும் நிரப்பி, இடையில் ஓடிய தூரத்தை இரண்டாம் முறை ஊற்றிய லிட்டரால் வகுக்க வேண்டும். இரண்டு முறையும் முதல் ஆட்டோ-கட்டிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். "ரவுண்டா போட்டுடலாமா சார்?" என்று கேட்பவருக்குத் தலையாட்டிவிட்டால் கணக்கு கெட்டுவிடும்.