திமிங்கலம் போடும் எரு

உலகிலேயே பெரிய விலங்கு நீலத் திமிங்கலம். 30 மீட்டர் வரை நீளும். அது தின்பது என்ன தெரியுமா? உங்கள் விரல் நீளமே இருக்கும் கிரில் என்னும் உயிரியை. நம் கடற்கரையில் காயவைக்கும் சென்னாக்கூனிக்குப் பெரியக்கா போல இருக்கும்.

இத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு பெரிய மீனாகப் பார்த்துத் தின்னக் கூடாதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். தென்முனைக் கடலில் சூரிய ஒளியைப் பிடித்து உணவாக்குபவை கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள். அவற்றைக் கிரில் தின்கிறது. தின்றதெல்லாம் உடம்பில் ஒட்டுவதில்லை. நீந்தவும் மூச்சுவிடவும் செலவான சக்தி வெப்பமாகக் கலைந்துவிடும். தோராயமாகப் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். 1,000 கிலோ பாசியிலிருந்து 100 கிலோ கிரில். அதிலிருந்து 10 கிலோ திமிங்கலம். நடுவில் சின்ன மீன், பெரிய மீன் என்று இரண்டு வாய்கள் புகுந்தால் கடைசியில் 100 கிராம்தான் தேறும். பாசிக்கு அடுத்த படியிலேயே வாய்வைப்பதால்தான் திமிங்கலத்துக்கு அந்த உடம்பு கட்டுப்படியாகிறது.

அப்படியானால் எல்லாம் பாசியைப் பொறுத்தது. தென்முனைக் கடலில் கோடைக்காலத்தில் வெயிலுக்குக் குறைவில்லை. நைட்ரஜன், பாஸ்பரஸ் சத்துகளும் ஏராளம். ஆனாலும் அந்தக் கடலின் பெரும்பகுதியில் பாசி கொஞ்சமாகத்தான் வளர்கிறது. ஏன்?

அமெரிக்காவில் ஜான் மார்ட்டின் என்றொரு கடல் ஆய்வாளர் இருந்தார். குறைவது இரும்புதான் என்றார் அவர். பச்சையம் உண்டாக்கவும், அது பிடிக்கும் ஒளியைப் பயன்படுத்தவும் துளி இரும்பு வேண்டும். வீட்டில் அரிசி மூட்டை மூட்டையாக இருந்தாலும் கைப்பிடி உளுந்துதான் இருக்கிறது என்றால், அந்த உளுந்துக்குத் தக்கபடிதானே இட்லி? கடலுக்கு இரும்பு பெரும்பாலும் நிலத்துத் தூசியிலிருந்து வருகிறது. தென்முனையைச் சுற்றியோ பனிதான். தூசிக்கு எங்கே போவது?

இதை ஏன் முன்பே யாரும் கண்டுபிடிக்கவில்லை? அளக்கப் போன கப்பலே இரும்பு! அதன் துரு விழுந்து தண்ணீர் மாதிரிகள் கெட்டுவிடும். மார்ட்டின் குழுவினர் துப்புரவாகக் கழுவிய பிளாஸ்டிக் குப்பிகளில் நீர் எடுத்தார்கள். அதில் துளி இரும்பு சேர்த்ததும் பாசி மளமளவென வளர்ந்தது.

குப்பியில் நடப்பது கடலில் நடக்குமா? 1993 அக்டோபரில் கலாபகஸ் தீவுகளுக்குத் தெற்கே, கரைத்த இரும்பு உப்பைக் கடலில் விட்டார்கள். நிலக்கடலை இலை மஞ்சளித்தால் நம் விவசாயிகள் தெளிக்கும் அன்னபேதிதான் அந்த உப்பு. பாசி பெருகியது. அதைப் பார்க்க மார்ட்டின் இல்லை. சில மாதங்களுக்கு முன்புதான் இறந்திருந்தார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கும். 1999-இல் தென்முனைக் கடலிலேயே இதைச் செய்தபோது, பெருகிய பாசியின் பச்சை செயற்கைக்கோள் படத்தில் தெரிந்தது.

இனித் திமிங்கலத்துக்கு வருவோம். வெப்பமாகப் போன சக்தி திரும்பி வராது. அதனால்தான் சூரியன் தினமும் புதிதாகத் தர வேண்டியிருக்கிறது. இரும்பு அப்படியல்ல, சுற்றிச் சுற்றி வரும். பாசியின் இரும்பு கிரிலுக்குப் போகிறது. கிரிலைத் தின்ற திமிங்கலம் அதில் பெரும்பங்கைக் கழிவாக வெளியேற்றுகிறது. செம்மஞ்சள் மேகம்போல அது நீரின் மேற்பரப்பில் பரவும். கடல்நீரில் உள்ளதைவிடச் சுமார் ஒரு கோடி மடங்கு இரும்பு அதில் இருப்பதை 2010-இல் ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். வெயில் படும் மேல்நீரில், பாசிக்குப் பக்கத்திலேயே, முதல்தர எரு!

இருபதாம் நூற்றாண்டில் தென்முனைக் கடலில் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட நீலத் திமிங்கலங்களை எண்ணெய்க்காகக் கொன்றார்கள். தின்பதற்கு ஆளில்லாவிட்டால் கிரில் பெருகியிருக்க வேண்டுமல்லவா? பெருகவில்லை. அட்லாண்டிக் பக்கத்துத் தென்கடலில் 1970-களுக்குப் பிறகு குறைந்தே போனது. கடல்பனி சுருங்கியது ஒரு காரணம். எரு போட ஆளில்லாமல் போனதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று சில விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

அந்த வேட்டையின் முக்கியத் துறைமுகம் ஒன்று தெற்கு ஜார்ஜியா தீவில் இருந்தது. 2020-இல் ஆய்வாளர்கள் அங்கே போய்ச் சில வாரங்கள் தேடினார்கள். 50-க்கும் மேற்பட்ட நீலத் திமிங்கலங்கள் அங்கே கிரில் தின்ன வந்திருந்தன.