போர்வெல் தண்ணீரில் டிஸ்கஸ் மீன் வளருமா? குஞ்சுகளைக் காப்பாற்றும் எளிய கணக்கு

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலை, கடும்பாறைப் பூமி. போர் போட்டால் கிடைக்கும் தண்ணீர் பெரும்பாலும் உப்புக் கலந்த கடின நீர். பக்கெட்டில் இரண்டு நாள் நின்றாலே ஓரத்தில் வெள்ளைக் கறை படியும். அந்தத் தண்ணீரில், அமேசான் காட்டாறுகளின் மென்மையான நீரைப் பூர்வீகமாகக் கொண்ட டிஸ்கஸ் மீனை வளர்க்க முடியுமா?

முடியும். ஆனால், வாங்கி வந்த ஒரு மாதத்துக்குள் குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் கறுத்து, மூலையில் ஒதுங்கி, சாப்பிடாமல் செத்துப்போவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. ‘நம்ம ஊர் தண்ணி ஒத்துக்கல’ என்று முடித்துக்கொள்கிறார்கள். உண்மையில் பெரும்பாலான நேரங்களில் தவறு தண்ணீரின் உப்பில் இல்லை; தண்ணீரைக் கையாளும் விதத்தில்தான் இருக்கிறது.

டிஸ்கஸ் ஏன் இவ்வளவு ‘நோகாமல்’ வளர்க்க வேண்டிய மீன்?

பெரும்பாலான மீன்கள் முட்டையிட்டதும் ஒதுங்கிவிடும். டிஸ்கஸ் அப்படி இல்லை. முட்டை பொரிய ஏறத்தாழ இரண்டரை நாள். அடுத்த சில நாட்களில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும், நேராகத் தாய் தகப்பன் உடலில்தான் போய் ஒட்டும். பெற்றோரின் தோலில் ஊறும் வழவழப்பான சளிதான் அவற்றின் முதல் சாப்பாடு. ஒரு மீன் களைத்துவிட்டால், உடலைச் சட்டென்று உதறி, குஞ்சுக் கூட்டத்தை இன்னொன்றிடம் தள்ளிவிடும்.

இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பிரேசில் ஆய்வாளருடன் சேர்ந்து 2010-ல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்கியது. முட்டையிடும் காலத்தில் அந்தச் சளியில் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருட்களும் கூடுகின்றன. சுமார் மூன்று வாரத்துக்குப் பின் பெற்றோரே குஞ்சுகளை விட்டு விலகி நீந்தத் தொடங்குகின்றன. பாலூட்டிகள் தாய்ப்பாலை மறக்கடிப்பதைப் போன்ற ஏற்பாடு இது.

நாம் கடையில் வாங்குவது, இந்தப் பாதுகாப்பில் இருந்து வெளியே வந்து கொஞ்ச நாளே ஆன குஞ்சை. அதன் வளர்ச்சியில் பெரும்பகுதி முதல் ஓராண்டுக்குள் முடிந்துவிடும். அந்தக் காலத்தில் மோசமான தண்ணீரிலும் அரைகுறைச் சாப்பாட்டிலும் குன்றிப்போன மீன், பிறகு எவ்வளவு கவனித்தாலும் முழு அளவுக்கு வராது. இங்கே விட்டதை அப்புறம் பிடிக்க முடியாது.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

தமிழ்நாட்டில் வண்ணமீன் என்றாலே சென்னை கொளத்தூர்தான். திருவண்ணாமலைக்காரர்களுக்கு அங்கிருந்து சாலை வழியே நான்கைந்து மணி நேரப் பயணம். அவ்வளவு தூரம் கொண்டு வருவதால், தேர்விலேயே கோட்டை விடக்கூடாது.

* அளவு: ஒரு அங்குலக் குஞ்சு விலை குறைவு, ஆபத்து அதிகம். முதல் முறை வளர்ப்பவர்களுக்கு இரண்டு முதல் இரண்டரை அங்குலக் குஞ்சு நல்லது.
* கண்: உடலோடு ஒப்பிட்டால் கண் பெரிதாகத் தெரிகிறதா? வயது கூடியும் வளராமல் குன்றிப்போன மீனாக இருக்கலாம்.
* மூச்சு: ஒரு பக்கச் செவுளை மட்டும் மூடித் திறந்து, வேகமாக மூச்சு வாங்கும் மீன் வேண்டாம். செவுளில் ஒட்டுண்ணி இருக்க வாய்ப்புண்டு.
* கழிவு: வெள்ளை நூல் போலக் கழிவு தொங்கினால், குடலில் ஒட்டுண்ணி இருக்கலாம்.
* நிறம்: மிகச் சிறிய குஞ்சுக்குப் பெரிய மீனின் பளபளப்பு இருந்தால் சந்தேகப்பட வேண்டும். ஹார்மோன் கொடுத்து நிறமேற்றுவதும் இந்தத் தொழிலில் உண்டு.
* சாப்பாடு: கடைக்காரரை முன்னால் தீனி போடச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஓடிவந்து சாப்பிடும் மீன்தான் நல்ல மீன்.

குறைந்தது ஆறு குஞ்சுகளை ஒன்றாக வாங்க வேண்டும். இரண்டு மூன்று மட்டும் இருந்தால், பலமுள்ளது மற்றவற்றைத் துரத்தித் துரத்தியே பட்டினி போட்டுவிடும்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

‘தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவாத்தானே இருக்கு?’ என்பார்கள். மீனைக் கொல்லும் அம்மோனியாவுக்கு நிறமே கிடையாது. மீனின் மூச்சு, கழிவு, மிச்சமான தீனி எல்லாவற்றிலிருந்தும் அது உருவாகிறது. ஃபில்டரில் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு தீமை குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்த பாக்டீரியாக்கள் புதுத் தொட்டியில் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இன்று தொட்டி, நாளை மீன் என்றால் மறுநாள் சாவுதான்.

அடி அண்ணாமலை போன்ற ஊருக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. தண்ணீரில் கரைந்த அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும். அதில் ஒன்றுதான் கடும் விஷம். 30 டிகிரி செல்சியஸ் சூட்டில், பிஎச் 7 ஆக இருந்தால், மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான் விஷ வடிவம். அதே சூட்டில் பிஎச் 8 ஆனால் அது ஏழு சதவீதத்தைத் தாண்டுகிறது. ஏறத்தாழ ஒன்பது மடங்கு!

டிஸ்கஸ் குஞ்சுகளுக்கு 29, 30 டிகிரி வெந்நீர் வேண்டும். கடின நீரில் பிஎச் பொதுவாக 7-க்கு மேல் இருக்கும். இரண்டும் சேரும்போது, மென்நீர் உள்ள ஊரில் மீன் தாங்கிக்கொள்ளும் அதே அழுக்கு இங்கே கொன்றுவிடும். ஆக, இங்கே பிரச்சினை கடின நீர் அல்ல; கடின நீரில் சேரும் அழுக்கு.

அப்படியானால் ஆர்ஓ தண்ணீர் ஊற்றலாமா?

எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான். ஆனால், பண்ணையில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த டிஸ்கஸ்கள் மிதமான கடின நீருக்குப் பழகியவை. குஞ்சுகளின் எலும்பு வளரத் தாது உப்பும் தேவை. ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்றினால், பிஎச் நிலையில்லாமல் திடீரென்று சரியும். மிக மென்மையான நீர் முக்கியமாகத் தேவைப்படுவது முட்டை பொரிக்கத்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வீட்டு ஆர்ஓ இயந்திரம் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தர, பொதுவாக இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது. தினமும் 60 லிட்டர் மீனுக்கு என்றால் 120 முதல் 180 லிட்டர் வீண். கோடையில் குடத்தோடு காத்திருக்கும் ஊரில் அது நியாயமும் இல்லை. தண்ணீர் மிகவும் கடினமாக இருந்தால் மட்டும், ஒரு பங்கு ஆர்ஓ நீரைப் போர் நீரோடு கலந்து, அந்த விகிதத்தை மாற்றாமல் தொடர்ந்தால் போதும். டிஸ்கஸுக்கு ‘சரியான’ எண்ணைவிட மாறாத எண் முக்கியம்.

தினசரி வேலை என்ன?

ஆறு குஞ்சுகளுக்கு மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி போதும். சுமார் 190 லிட்டர் பிடிக்கும். தண்ணீரே 190 கிலோ என்பதால், மேசை பலமாக இருக்க வேண்டும். அடியில் மணல், கல் எதுவும் வேண்டாம். வெறும் கண்ணாடியாக இருந்தால்தான் மிச்சத் தீனி கண்ணுக்குத் தெரியும்.

குஞ்சுகளுக்கு ஒரு நாளைக்கு நான்கைந்து முறை கொஞ்சம் கொஞ்சமாகத் தீனி: தரமான குருணை, உறைய வைத்த ரத்தப்புழு, ஆர்ட்டீமியா. சாக்கடை ஓரம் எடுக்கப்படும் உயிர்ப் புழுக்கள் நோயையும் கூடவே கொண்டுவரும். பத்து, பதினைந்து நிமிடத்தில் சாப்பிடாததைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். காலை எட்டரைக்கு வேலைக்குக் கிளம்பி இரவு திரும்புபவர், வீட்டில் பகலில் தீனி போட ஆள் உண்டா என்று யோசித்துவிட்டு இறங்குவது நல்லது.

தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். இதில்தான் பெரிய தவறு நடக்கிறது. மதியம் மாடித் தொட்டிக் குழாயைத் திறந்தால் வெந்நீர் கொட்டும். அதை நேரடியாக ஊற்றினால் குஞ்சு தாங்காது. போர் தண்ணீரோ பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரோ, வீட்டுக்குள் ஒரு டிரம்மில் ஒரு நாள் முழுக்கக் காற்றுக்கல் போட்டு வைக்க வேண்டும். குளோரின் வெளியேறும், பிஎச் நிலைக்கும், சூடும் சமமாகும். எடுத்த பழைய தண்ணீர் வாழைக்கும் முருங்கைக்கும் நல்ல உரம்.

வெயில், பனி, கரன்ட் கட்

தண்ணீர் சூடாக ஆக அதில் பிராணவாயு குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரையும். 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறையும். சித்திரை வெயிலில் தொட்டி 32 டிகிரியைத் தாண்டினால், மூடியைத் திறந்து நீர்ப்பரப்பின் மீது ஒரு சிறிய விசிறியைத் திருப்பி வைத்தாலே இரண்டு மூன்று டிகிரி இறங்கும்.

மார்கழிப் பனிக்கு ஹீட்டர் வேண்டும். 200 வாட் ஒன்றுக்குப் பதில் 100 வாட் இரண்டு பாதுகாப்பு. ஒன்று பழுதானாலும் மீன் வேகாது, விறைக்காது. கரன்ட் போனால் ஃபில்டர் நின்றுவிடும் என்பதால், சில வாட் மட்டுமே இழுக்கும் காற்றுப் பம்ப்பை இன்வெர்ட்டரில் இணைத்துவிடலாம். கரன்ட் வரும்வரை தீனி கூடாது.

பையைத் திறந்ததும் என்ன செய்வது?

நீண்ட பயணத்தில் பைக்குள் அம்மோனியாவும் கரியமில வாயுவும் சேர்ந்திருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, பிஎச் ஏறி, அடங்கிக் கிடந்த அம்மோனியா விஷமாகும். அதனால் மூடிய பையையே 15 முதல் 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, திறந்தவுடன் தாமதிக்காமல் மீனை மட்டும் தொட்டிக்கு மாற்ற வேண்டும். பைத் தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே போகக்கூடாது. வீட்டில் ஏற்கெனவே மீன் இருந்தால், புதியவற்றை மூன்று, நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்தே சேர்க்க வேண்டும்.

வேண்டாம் என்று தோன்றினால்?

வளர்ந்த டிஸ்கஸ் ஆறேழு அங்குலம் வரும்; அதற்கு நான்கடித் தொட்டி வேண்டும். முடியாது என்று தெரிந்தால் கடைக்காரரிடமோ வேறு வளர்ப்பவரிடமோ கொடுக்கலாம். கிரிவலப் பாதைத் தீர்த்தங்களிலும் ஏரியிலும் ‘புண்ணியமாகப் போகட்டும்’ என்று விடுவது புண்ணியம் அல்ல. தொட்டி சுத்தம் செய்ய வாங்கப்பட்ட சக்கர் மீன், இன்று தமிழக நீர்நிலைகளில் பரவி நாட்டு மீன்களுக்குத் தொல்லையாகிவிட்டது அப்படித்தான்.

தொட்டி வாங்கும் முன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். டிரம்மில் 60 லிட்டர் தண்ணீரைப் பிடித்து, அதை ஒரு மாதம் தினமும் மாற்ற நேரமும் தண்ணீரும் இருக்கிறதா என்று பார்ப்பது. ஆம் என்றால், போர்வெல் தண்ணீரிலும் டிஸ்கஸ் வளரும்.