உறைமோரும் தடுப்பூசியும்

சிராங்கூன் சாலைத் தமிழ்த் தாய்மார்க்குத் தயிர் தோய்க்கும் முறையைப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை. கொதிக்கும் பாலில் உறைமோர் விட்டால் தயிர் தோயாது, குளிர்ந்த பாலிலும் எளிதில் தோயாது, இளஞ்சூடே வேண்டும். வேளை கடந்தாலோ புளித்துவிடும். சூடும் வேளையும் அறிந்து நுண்ணுயிரை வளர்க்கும் இதே நெறிதான் தடுப்பூசித் தொழிலுக்கும் அடிப்படை. சிங்கப்பூரின் மேற்குக் கோடியிலுள்ள துவாஸில் கிளாக்ஸோ ஸ்மித்கிளைன் நிறுவனம் 2009-ஆம் ஆண்டில் ஒரு தொழிற்சாலையைத் திறந்தது. நிமோனியாவையும் மூளையுறை அழற்சியையும் விளைக்கும் நியூமோகாக்கஸ் கிருமிக்குரிய தடுப்பூசியின் மூலப்பொருளை ஆக்குவதே அதன் நோக்கம்.

அம்மூலப்பொருள் கிருமி அன்று. கிருமி தன்மேல் போர்த்திக்கொள்ளும் சர்க்கரை வகைப் போர்வையே ஆகும். நம் உடல் அக்கிருமியைப் பகையென அறிவது அப்போர்வையைக் கொண்டே. ஆதலின், கிருமியைப் பெருக்குவது மட்டும் போதாது. போர்வை நிறைவாகவும் சிதையாமலும் கிடைக்க வேண்டும்.

வளர்ப்புக்கு ஏற்ற சூடு ஏறக்குறைய 37 பாகை செல்சியஸ். மனித உடலின் சூடும் அதுவே. கிருமி சர்க்கரையை உண்டு லாக்டிக் அமிலத்தை வெளியிடுகிறது. தயிரைப் புளிக்கச் செய்வதும் இவ்வமிலமே. அமிலம் மிகுந்தால் வளர்ச்சி நின்றுவிடும். எனவே காரத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் புளிப்பை மட்டுப்படுத்துவர். காற்றும் அளவோடு இருத்தல் வேண்டும். பிராணவாயு மிகுந்தால், இக்கிருமி ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கித் தன்னையே வாட்டிக்கொள்ளும். மேலும், முதிர்ந்தபின் தன் சுவரைத் தானே கரைக்கும் நொதி ஒன்றும் அதனிடம் உண்டு. வேளை தவறினால் உயிரணுக்கள் உடைந்து, வேண்டாத பொருள்கள் போர்வையோடு கலந்துவிடும். அறுவடைக்குரிய நாழிகையை அறிவதே இத்தொழிலின் உயிர்நிலை.

நியூமோகாக்கஸில் 90-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒவ்வொன்றின் போர்வையும் வேறு. அந்நிறுவனத்தின் தடுப்பூசிக்கு 10 வகைகள் தேர்ந்துகொள்ளப்பட்டன. ஒவ்வொரு வகையையும் தனித்தனியே வளர்த்தாக வேண்டும்.

அங்ஙனம் பெற்ற தூய போர்வையும் தனித்து நின்று கைக்குழந்தையைக் காவாது. இரண்டு வயது நிரம்பாத குழந்தையின் உடல் வெறும் சர்க்கரைப் பொருளை எதிர்த்து நன்கு எழுவதில்லை. ஆகவே, அதனை ஒரு புரதத்தோடு பிணைக்கின்றனர். புரதத்தின் துணையால் உடல் விழித்துக்கொள்கிறது. இந்நோய்க்குரிய தடுப்பூசி 2009-ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரின் தேசியக் குழந்தைத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டது.

இதனை மாணவர்க்கு விளக்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டா. மூன்று கிண்ணங்களில் பால், மூன்று நிலைச் சூடு, சிறிது உறைமோர் இவை போதும். அளவும் வேளையும் தவறினால் அடுக்களையில் தயிர் கெடும். தொழிற்சாலையிலோ, ஒரு குழந்தைக்குச் சேரவேண்டிய காவல் கெடும்.