சொற்பொருத்தம் பார்க்கும் இயந்திரம்

மலேசியாவில், தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் முதலில் வரும் ஊர் ரிங்லெட். அங்கே நான்கு அறைகளை வாடகைக்கு விடும் ஒருவர் கூகுளில் விளம்பரம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்தச் சொல்லைத் தேடுபவர்களுக்கு விளம்பரம் தெரிய வேண்டும் என்ற கேள்விக்கு, ஊர்ப் பெயரையே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கிறார். அங்கேதான் சிக்கல். ஆங்கிலத்தில் அது சுருள்முடியைக் குறிக்கும் சொல்; பழுப்பு நிற வண்ணத்துப்பூச்சி ஒன்றுக்கும் அதுவே பெயர். கல்யாணச் சிகையலங்காரம் தேடுபவர் கண்ணிலும் அந்த விளம்பரம் படலாம். அவர் விரல் பட்டுவிட்டால், அறை காலியாகவே கிடந்தாலும் கிளிக்குக்கான காசு கழிந்துவிடும்.

விளம்பரத் தொழிலில் இருப்பவர்கள் 'கீவேர்டு' என்று சொல்லும் திறவுச்சொல்லின் வேலை, தேடுபவர் தட்டிய சொற்களையும் விளம்பரக்காரர் கொடுத்த சொற்களையும் இணைத்து வைப்பது. கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பதுபோல இதற்கும் பொருத்தம் பார்க்க வேண்டும். பார்ப்பது இயந்திரம், எது பொருத்தம் என்று விதி வகுப்பது அதை நடத்தும் நிறுவனம்.

ஏலக் கணக்கு

சொல்லை ஏலம் விட்டு, கிளிக்குக்குக் காசு வாங்கும் முறையை 1998ல் அமெரிக்காவின் கோட்டூ டாட் காம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதிகம் தருபவருக்கு முதல் இடம் என்பது அதன் விதி. 2000 அக்டோபரில் ஆட்வேர்ட்ஸ் என்ற விளம்பரச் சேவையைத் தொடங்கிய கூகுள், 2002ல் கிளிக் கட்டணத்துக்கு மாறியபோது ஏலத்தில் ஒரு திருத்தம் செய்தது: கேட்கும் விலையோடு விளம்பரத்தின் தரத்தையும் சேர்த்துப் பெருக்கியது.

எளிமையாக்கிச் சொன்னால் கணக்கு இப்படிப் போகும். ஒருவர் கிளிக்குக்கு 2 ரிங்கிட் தரத் தயார், அவர் விளம்பரத்தின் தர மதிப்பெண் 4, பெருக்கினால் 8. இன்னொருவர் தருவது 1 ரிங்கிட் 20 சென்தான், ஆனால் மதிப்பெண் 8, பெருக்கினால் 9.6. குறைவாகக் கேட்டவருக்கே முதல் இடம். அவர் கட்டுவதும் முழு 1.20 அல்ல, அடுத்தவரின் 8ஐத் தன் மதிப்பெண் 8ஆல் வகுத்தால் வரும் 1 ரிங்கிட், அதற்கு மேல் ஒரு சென். தேடியவருக்குப் பொருந்தாத விளம்பரத்தை யாரும் தட்ட மாட்டார்கள், மதிப்பெண் சரியும், அதே இடத்துக்கு அதிகம் கட்ட நேரும். இந்த ஏலத்தில் பொருத்தமே பணம்.

எழுத்திலிருந்து பொருளுக்கு

கூகுளில் பொருத்தம் மூன்று வகை. 'ரிங்லெட் ஹோம்ஸ்டே' என்ற சொற்களைச் சதுர அடைப்புக்குள் கொடுத்தால் அது எக்ஸாக்ட் மேட்ச். மேற்கோள் குறிக்குள் கொடுத்தால் ஃபிரேஸ் மேட்ச். 'மலிவான ரிங்லெட் ஹோம்ஸ்டே குடும்பத்துக்கு' என்று முன்னும் பின்னும் சொல் சேர்ந்தாலும் ஏற்கும். குறியே போடாவிட்டால் பிராட் மேட்ச். அந்த இரண்டு சொற்களும் இல்லாத 'கேமரன் மலையில் தங்க இடம்' என்ற தேடலுக்கும் அது விளம்பரத்தை நீட்டும். தேடுபவர் சற்றுமுன் எதைத் தேடினார் என்பதைக்கூடக் கணக்கில் எடுக்கும்.

எக்ஸாக்ட் என்ற பெயரை நம்பி அச்சொட்டான பொருத்தத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். 2014ல் எழுத்துப்பிழையும் ஒருமை பன்மையும் கட்டாயமாக உள்ளே வந்தன. 2017ல் சொற்களின் வரிசை மாறினாலும் சரி என்றானது. 2018ல் பொருள் ஒன்றாக இருந்தால் சொல்லே வேறாக இருந்தாலும் சரி என்றானது. ஒரு சொல் கட்டாயம் இருக்க வேண்டும் என்று கூட்டல் குறி போட்டுச் சொல்ல இருந்த வசதியும் 2021ல் போய்விட்டது.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. நாள்தோறும் வரும் தேடல்களில் சுமார் 15 விழுக்காடு இதற்கு முன் யாருமே தட்டாதவை என்கிறது கூகுள். அத்தனையையும் முன்கூட்டி ஊகித்துப் பட்டியல் போட யாராலும் ஆகாது. ஆகவே இயந்திரம் ஒவ்வொரு சொல்லையும் நீண்ட எண் வரிசையாக மாற்றுகிறது. ஒரே மாதிரியான வாக்கியங்களில் வரும் சொற்களுக்குப் பக்கத்துப் பக்கத்து எண்கள் கிடைக்கின்றன. தங்குமிடம், விடுதி, ஹோம்ஸ்டே மூன்றும் அருகருகே வந்து அமர்வது இப்படித்தான்.

பலவீனமும் இதில்தான் இருக்கிறது. கேமரன் மலையும் கெந்திங் மலையும் குளிர், விடுமுறை, ஹோட்டல், கோலாலம்பூர் பேருந்து என்று ஒரே சொற்களின் நடுவே புழங்கும் பெயர்கள். எண் கணக்கில் இரண்டும் நெருக்கம். ரிங்லெட்டில் அறை வைத்திருப்பவருக்கோ, கெந்திங் போகிறவர் வாடிக்கையாளரே அல்ல.

தமிழில் தட்டினால்

தன் விளம்பரச் சேவைகளில் தமிழைக் கூகுள் சேர்த்தது 2018 பிப்ரவரியில். தமிழுக்குப் பொருத்தம் பார்ப்பது தனி வேலை. 'தேயிலைத் தோட்டம்' என்று விளம்பரக்காரர் கொடுப்பார். தேடுபவர் ஒற்றை விட்டுவிட்டு 'தேயிலை தோட்டத்தில்' என்பார். இன்னொருவர் இரண்டையும் ஒட்டி எழுதுவார். வேற்றுமை உருபு சேர்ந்ததும் 'தோட்டம்' என்பதன் கடைசி எழுத்தே காணாமல் போகிறது. வால் ஒட்டுவதோடு முடிகிற ஆங்கிலப் பன்மையைவிட இது கடினம். மலேசியத் தமிழர் அதே பொருளை ஆங்கிலத்திலும் மலாயிலும் கலந்து தட்டுவதால் சிக்கல் கூடுகிறது. யூனிகோடில் 'தோ' என்ற எழுத்தின் உயிர்க்குறியையே ஒரு குறியீடாகவும் சேமிக்கலாம், இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், சமப்படுத்தாவிட்டால் கணினிக்கு இரண்டு.

பொதுச்சொல் யாருக்கு?

போ நிறுவனம் 1929லும் பாரத் நிறுவனம் 1933லும் தொடங்கப்பட்டவை. இரண்டுமே கேமரன் மலைத் தேயிலையில் பழம்பெயர்கள். 'பாரத் டீ' என்று ஒருவர் தேடினால் அந்த நிறுவனத்தையா, இந்தியத் தேயிலையையா? இதே வகைக் கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது. பாரத் மேட்ரிமோனி, தமிழ் மேட்ரிமோனி தளங்களை நடத்திய கன்சிம் இன்ஃபோ நிறுவனம், தன் வணிகப் பெயர்களைத் திறவுச்சொல்லாக்கிப் போட்டியாளர்கள் விளம்பரம் செய்வதை எதிர்த்து, கூகுள் மீதும் அவர்கள் மீதும் வழக்குப் போட்டது. 2010 செப்டம்பர் 30 அன்று நீதிபதி வி. ராமசுப்ரமணியன் இடைக்காலத் தடை தர மறுத்தார். 'தமிழ்', 'மேட்ரிமோனி' போன்றவை தொழிலை விவரிக்கும் பொதுச்சொற்கள் என்பது அதில் முக்கியமாக எடைபோடப்பட்டது.

2023 ஆகஸ்ட் 10 அன்று டில்லி உயர் நீதிமன்றம், அகர்வால் பேக்கர்ஸ் பெயர் தொடர்பான வழக்கில் இன்னும் தெளிவாகப் பேசியது. பிறர் வணிகப் பெயரைத் திறவுச்சொல்லாக்குவது மட்டுமே மீறல் ஆகாது. மக்களைக் குழப்பினால் மீறல்தான். கூகுளும் இதில் வெறும் பார்வையாளர் அல்ல என்றது.

விலக்கும்போது வேறு விதி

வேண்டாத தேடலைத் தடுக்க 'நெகட்டிவ் கீவேர்டு' பட்டியல் உண்டு. ரிங்லெட்காரர் அதில் முடி, சிகை, வண்ணத்துப்பூச்சி, கெந்திங் என எழுதி வைக்கலாம். ஆனால் விலக்கும்போது இயந்திரம் பொருளைப் பார்ப்பதில்லை. 'முடி' என்று தடுத்தால் 'கூந்தல்' தடைபடாது. ஒருமையைத் தடுத்தால் பன்மை தடைபடாது. எழுத்துப்பிழையைத் தானே பிடித்துத் தடுக்கும் வசதிகூட 2024ல்தான் வந்தது. எந்தத் தேடலுக்குக் காசு போனது என்று காட்டும் அறிக்கையும் முழுமையல்ல. போதிய எண்ணிக்கையில் தேடப்படாத சொற்களை 2020 செப்டம்பர் முதல் கூகுள் மறைத்துவிடுகிறது. அவற்றுக்கும் கட்டணம் உண்டு.

காசு வரும் வழியில் பொருள்வரை நீளும் புரிதல், காசைக் காக்கும் வழியில் எழுத்தோடு நின்றுவிடுகிறது. பொருள் புரிந்து சேர்க்கத் தெரிந்த இயந்திரத்துக்குப் பொருள் புரிந்து விலக்கவும் முடியும். தடையாக இருப்பது அறிவியல் அல்ல, விதி. விதி மாறும்வரை, சிறு வியாபாரி பிராட் மேட்ச்சைத் தொடாமல் தொடங்குவதும், வாரம் ஒருமுறை தேடல் அறிக்கையைப் படித்து விலக்குப் பட்டியலை நீட்டுவதுமே கைக்காசைக் காக்கும்.