பன்னீர்த் திராட்சை பொங்குவது ஏன்?

தேனி மாவட்டத்தில் கம்பத்தைச் சுற்றி எங்கு பார்த்தாலும் திராட்சைப் பந்தல்! முல்லைப் பெரியாற்று நீர் பாயும் பள்ளத்தாக்கு இது. 1895-ல் அணை எழுந்தபின், மேற்கே ஓடிய தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே வந்தது.

இங்கு விளையும் பன்னீர்த் திராட்சை கறுத்த பழம், நல்ல மணம். 2023-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

குமுளி மலைப்பாதை வழியாக இப்பழம் கேரளத்துக்கும் போகிறது. அங்கே கிறிஸ்துமசுக்குப் பல வீடுகளில் ஜாடியில் ஒயின் போடுவது பழைய வழக்கம்.

ஜாடிக்குள் நடப்பது என்ன?

பழத்தை மசித்து மூடி வைத்தால், ஓரிரு நாளில் நுரை பொங்குகிறது. நெருப்பு இல்லை, கொதிப்பது யார்?

ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்தான்! கண்ணுக்குத் தெரியாத இது, பழத்தின் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. 100 கிராம் சர்க்கரை முழுதும் மாறினால், ஏறத்தாழ 51 கிராம் சாராயச் சத்து. மீதி 49 கிராம் வாயு. வாயு வெளியேற வழியின்றி இறுக மூடினால் பாட்டில் வெடிக்கும்! காற்றுப் பட்டுக்கொண்டே இருந்தால் ஒயின் காடியாகிவிடும்.

இது உயிர்களின் வேலை என்பதை 1857-ல் எடுத்துக் காட்டியவர் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர்.

பீர் ஏன் கடினம்?

திராட்சையில் சர்க்கரை தயாராக இருக்கிறது. பார்லியில் இருப்பதோ மாவுச்சத்து. அதை முளைகட்டி, உலர்த்தி, வெந்நீரில் ஊறவைத்த பிறகே சர்க்கரை கிடைக்கும். 'லாகர்' என்ற பீருக்குக் குளிரும் வேண்டும். சுமார் 10 டிகிரியில் புளித்து, பிறகு உறைநிலையை ஒட்டிய குளிரில் வாரக்கணக்கில் கிடக்க வேண்டும். ஜெர்மன் மொழியில் லாகர் என்றால் கிடங்கு என்றே பொருள். கம்பத்து வெயிலில் இது நடக்கிற காரியமா?

சட்டம் சொல்வது

ஒயினோ, பீரோ, உரிமம் இல்லாமல் வீட்டில் தயாரிப்பது தமிழ்நாட்டில் குற்றம். 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் அதைத் தடுக்கிறது. கடையில் மது விற்கிறதே என்று கேட்டுப் பயனில்லை. கேரளத்திலும் வீட்டு ஒயின் குற்றமே என்று 2019 டிசம்பரில் கலால் துறை எச்சரித்தது. 2022-ல் அங்கே உரிமம் பெற்றுப் பழ ஒயின் தயாரிக்கத் தனி விதிகள் வந்தன. ஆனால் அவை கேரள விளைபொருள்களுக்கு உரியவை.

விவசாயியின் கவலை

பன்னீர்த் திராட்சை மென்மையான பழம். அதிக நாள் தாங்காது. அறுவடை நேரத்தில் மழை பெய்தால் பழம் வெடித்து அழுகும். வரத்து கூடினால் விலை சரியும். பழத்தை வாங்கிப் பதப்படுத்த ஆலை வேண்டும் என்று விவசாயிகள் நெடுநாளாகக் கேட்கிறார்கள். குடியால் குடும்பங்கள் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு ஒயின் ஆலை என்றாலே தயக்கம். ஆனால் பழரசம், ஜாம், உலர் திராட்சை, காடி ஆகியவற்றுக்கும் இதே பழம் உதவும்.

வீட்டில் செய்யக்கூடியது

பழத்தைக் கழுவி, காம்பு நீக்கி, மசித்து வடிகட்டுங்கள். ரசத்தைக் கொதி வருமுன், ஆவி பறக்கும் சூட்டில் சில நிமிடம் வையுங்கள். ஈஸ்ட் மடிந்துவிடும். வெந்நீரில் கொதிக்க வைத்த பாட்டிலில் சூட்டோடு ஊற்றி மூடி, ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். சில நாளில் பருகிவிடுங்கள். நுரைத்தால் கொட்டிவிட வேண்டியதுதான்.

குழந்தைகளுக்கும் கொடுக்கலாம், கம்பத்துப் பழமும் நாலு கூடை கூடுதலாக விற்கும்!